ஏழாம் நம்பரின் எடை

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு திண்டுக்கல் சுங்கப்பேட்டையில் மூட்டை சுமக்கும் ஒரு பாட்டாளியின் இடம் எண்பத்தைந்தாயிரம் ரூபாய்க்குப் போயிற்று. உழைப்பவனின் உரிமைக்கு விலை கிடையாது என்று சுமைப்பணிச் சங்கத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் பேரம் நடந்தது. அந்த வாரம் சின்ன வெங்காயம் கிலோ ஆறு ரூபாய், பழைய சாக்கு ஒன்று நாலு ரூபாய். அந்த வருஷம் தை மாதம் தொடங்கி, சங்கச் செயலாளர் தோழர் முனியப்பனின் எடை மாதத்துக்கு ஒரு கிலோ வீதம் குறைந்துகொண்டு வந்தது. தொப்பை குறையவில்லை. சட்டை அளவு மாறவில்லை. மூன்று இட்லி நாலாகத்தான் ஆனது. எடை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

பேட்டையில் மொத்தம் நாற்பது பித்தளை வில்லைகள் உண்டு. வில்லை சட்டையில் குத்தியிருப்பவன் மட்டுமே மூட்டையைத் தொடலாம் என்பது எழுபத்து மூன்றாம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் கிடைத்த உரிமை. அதற்காக முனியப்பன் பதினாறு நாள் சிறையில் இருந்தார், தள்ளுமுள்ளில் முன்பல் ஒன்றைப் பறிகொடுத்தார். அதன் பிறகு இருபது வருஷம் ஏழாம் நம்பர் வில்லையோடு மூட்டை சுமந்தார். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வில்லை பித்தளையாக இருந்தாலும் சும்மா இருக்கவில்லை. தகப்பன் செத்தால் மகனுக்கு என்று ஒரு தீர்மானம் வந்தது, அதில் நியாயம் இருந்தது. மகன் இல்லாவிட்டால் மருமகனுக்கு என்று வந்தது, அதில் பாசம் இருந்தது. பிறகு வில்லை இருக்கிற வீட்டில்தான் பெண் எடுப்போம் என்று வந்தது. கடைசியில் நேராக விலைக்கே வந்தது. அதில் நியாயமும் பாசமும் தேவைப்படவில்லை, பத்தில் ஒரு பங்கு சங்க நிதிக்குப் போனது. விற்காதவர்கள் வில்லையைத் தங்கள் பேரில் வைத்துக்கொண்டு, சுமக்கப் பதிலாள் வைத்தார்கள். தொண்ணூற்றொன்று மார்கழியில் தூரதேசத்தில் செங்கொடி இறங்கியபோது துக்கம் காக்கப் பேட்டையை மூன்று நாள் அடைத்தார்கள். நாலாம் நாள் வெங்காயம் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறியது. சரக்கு இருப்பு வைத்திருந்தவர்கள் அந்தத் துக்கத்தை இன்னும் மறக்கவில்லை.

ஏழாம் நம்பருக்குப் பதிலாளாக வந்தவன் எரியோட்டுக்காரன் வீரன். கிணறு வற்றி, இரண்டு ஏக்கர் சோளக்காடு கட்டாந்தரையானபின் முதல் பஸ்ஸில் பெண்சாதி பேச்சாயியோடு பேட்டைக்கு வந்துபோனான். அவன் மூட்டை சுமப்பான். அவள் மண்டித் தூணடியில் உட்கார்ந்து வெங்காயம் பொறுக்குவாள். ஏழாம் நம்பருக்கு நாள் கூலி நூற்றிருபது. அதில் வீரனுக்கு நாற்பத்தைந்து, முனியப்பனுக்கு எழுபத்தைந்து. இது சுரண்டலாகாதா என்று யாரும் கேட்குமுன்னே முனியப்பன் பதில் சொல்லிவிடுவார். சங்க வேலையும் வேலைதான், தன் முதுகு இப்போது மொத்த வர்க்கத்தையும் சுமக்கிறது, ஒரு மூட்டையைச் சுமக்க அதில் இடமில்லை என்பார். மாலையில் அவர் நடத்தும் அரசியல் வகுப்பில் முதல் பாடமே இதுதான்: உலகத்தில் வர்க்கம் இரண்டு, சுமப்பவன் ஒன்று, சுமக்க வைப்பவன் ஒன்று. வீரன் அந்த வகுப்புக்குப் போனதில்லை. கடைசி பஸ் ஏழு மணிக்கு.

சுங்கப்பேட்டைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மூட்டையை இறக்கி, தராசில் வைத்து, மறுபடி தூக்கினால் இரண்டு தூக்குக்கூலி ஆகிவிடும். அதனால் மூட்டையோடு ஆளையே தராசு மேடையில் ஏற்றிவிடுவார்கள். வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று தராசைக் கழுவிப் பொட்டு வைத்ததும் வில்லைக்காரர், பதிலாள் எல்லாரையும் வெறும் உடம்பாக எடை போட்டுத் தூணில் சாக்பீஸால் எழுதிவைப்பார்கள். நடுவில் புதிதாகச் சேருகிறவனைச் சேர்ந்த அன்று எடை போடுவார்கள். மொத்த எடையில் ஆளுக்கு இவ்வளவு, சாக்குக்கு ஒரு கிலோ என்று கழித்தால் மிச்சம் வெங்காயம். வீரன் சேர்ந்த அன்று ஐம்பத்திரண்டு கிலோ. அந்த வருஷ ஆயுத பூஜையில் அவன் மேடையில் ஏறியபோது அறுபத்தொன்று. உடம்பில் சதை ஏறியிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். அவன் விலா எலும்பை எண்ணுகிற மாதிரிதான் இருந்தான்.

பதறியவர் மண்டிக்காரர் தங்கமுத்து அண்ணாச்சி. ஒன்பது மாதமாக ஏழாம் நம்பர் சுமந்த மூட்டைக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் கொடுத்து, கடைசியில் மூட்டைக்கு ஒன்பது கிலோ வீரனை வெங்காய விலைக்கு வாங்கியிருந்தார்.

"ஏலே, இடுப்புல கல்லுக் கட்டியிருக்கியா?"

"கோவணந்தான் அண்ணாச்சி கட்டியிருக்கேன்."

அண்ணாச்சி வேட்டியை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். பிறகு கணக்குப்பிள்ளையிடம் ஐம்பத்திரண்டை அழித்து அறுபத்தொன்று என்று எழுதச் சொல்லிவிட்டுச் சுண்டலுக்குக் கை நீட்டினார். அவரைப் பொறுத்தமட்டில் விவகாரம் முடிந்தது. அதே நாள் முனியப்பன் எடை எழுபத்து நாலிலிருந்து அறுபத்தைந்துக்கு இறங்கியிருந்தது. சங்கத்துக்காக அலைகிறார், இளைக்கிறார் என்று சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். தூணடியில் உட்கார்ந்திருந்த பேச்சாயி மட்டும் இரண்டு எண்ணையும் விரலில் கூட்டிப் பார்த்தாள். நூற்றிருபத்தாறு. போன முறையும் நூற்றிருபத்தாறு.

அடுத்த வருஷம் வீரன் எழுபத்து மூன்று, முனியப்பன் ஐம்பத்து மூன்று. அதற்கடுத்த வருஷம் எண்பத்தைந்தும் நாற்பத்தொன்றும். வீரன் வீட்டில் கயிற்றுக் கட்டில் இரண்டு அறுந்தது, பிறகு அவன் தரையில் படுத்தான். மழைக்காலத்தில் ஈரக்காட்டில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கியது, பேச்சாயியும் ஒரு ஜோடி மாடும் சேர்ந்து இழுத்து எடுத்தார்கள். எரியோட்டு பஸ்ஸில் அவன் உட்கார்ந்த பக்கம் டயர் தேய்ந்ததால் கண்டக்டர் அவனுக்கு ஒன்றரை டிக்கெட் போட்டார். முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. இன்னும் சில வருஷம் இப்படிப் போனால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க மாட்டான், முட்டி உடம்பைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எந்த உடம்பை என்று அவருக்கே புரியவில்லை, பார்ப்பதற்கு முருங்கைக் குச்சி மாதிரி இருந்தான்.

"மூட்டை கனமா இருக்கா?" என்று பேச்சாயி கேட்டாள்.

"மூட்டை லேசாத்தான் இருக்கு. நாந்தான் கனக்கேன்."

வேலையை விடலாம் என்றால் காடு கட்டாந்தரை. ஒரே வழி, ஏழாம் நம்பர் வில்லை வீரன் பேருக்கு வர வேண்டும். யார் வில்லையோ அவன் சுமை, யார் சுமையோ அவன் எடை, அதற்கு மேல் இதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை என்று பேச்சாயி தூணைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அவள் சங்கத்தில் மனுக் கொடுத்தாள். மனு வர்க்கச் சிக்கல் உள்ளது என்று மேலிடத்துக்குப் போனது, பதினோரு மாதம் இருந்தது. தொண்ணூற்றாறு ஐப்பசியில் மேலிடத்திலிருந்து தோழர் ஆனந்த்ராஜ் வந்தார். வாழ்நாளில் கைக்குழந்தைக்கு மேல் கனமானது எதையும் தூக்காதவர், ஆனால் உலகத்துத் தொழிலாளர் இயக்கம் பூராவும் அவருக்கு விரல்நுனியில் இருந்தது. மூன்று மணி நேரம் பேசினார். வில்லை உள்ளவனே அமைப்பாக்கப்பட்ட தொழிலாளி, பதிலாளுக்கு வர்க்க உணர்வு முதிராததால் அவன் உதிரிப் பாட்டாளி, உதிரிகளுக்கு உறுப்பினர் உரிமை கொடுத்தால் புரட்சி நீர்த்துப்போகும் என்று விளக்கினார். கடைசியில் கேள்வி ஏதும் உண்டா என்றார்.

வாசலில் நின்ற பேச்சாயி கேட்டாள்: "இவரு இப்பத் தொண்ணூத்தேழு கிலோ இருக்காருங்கய்யா. இன்னும் எம்புட்டு முத்தணும்?"

ஆனந்த்ராஜ் அது பொருளாதாரவாதக் கேள்வி என்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஓட்டுப் போட்ட இருபத்தாறு பேரும் பதிலாள் வைத்திருந்தவர்கள்.

முனியப்பனுக்கும் நிலைமை சுகமாக இல்லை. பதினேழு கிலோவுக்கு வந்தபோது பெட்டிக்கடைக் காற்றாடி பக்கம் நின்றால் சாய்ந்தார். கட்சிப் பத்திரிகைக் கட்டுகளை இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு நடந்தார். கொள்கைப் பிடிப்பு என்று ஊர் மெச்சியது. ஒரு மத்தியானம் தங்கமுத்து அண்ணாச்சி அவரை மண்டிக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, தன் வேட்டியை விலக்கிக் காட்டினார். இடுப்பைச் சுற்றி ஐந்து கிலோ இரும்பு எடைக்கற்கள் வரிசையாகக் கட்டியிருந்தன.

"எங்காளுக மூணு தலமுறையாத் தரையில நிக்கல தோழரே. எங்க பாட்டன் காலத்துலயே கிளம்பிருச்சு. கல்லாப்பெட்டியக் கட்டிப்புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், காசாசை புடிச்சவன்னு ஊர்ல சொல்லுவாக. விட்டா உத்தரத்துல போயி முட்டுவோம்னு யாருக்குத் தெரியும்? புள்ளைகளுக்கு இடுப்புல வெள்ளிக் கொடி கனமாப் போடுறதும் அதுக்குத்தான்."

இருபது வருஷமாக மேடை போட்டுத் திட்டிய வர்க்கம் தன்னைச் சொந்தக்காரன் மாதிரி உட்காரவைத்து மோர் கொடுப்பது முனியப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"மொதல்ல கூச்சமாத்தான் இருக்கும். போகப் போகச் சரியாப்போகும். மொதக் கல்லுக்குக் காசு வாங்குறதில்ல, அது எங்க வழக்கம்."

முனியப்பன் கல்லை மறுத்து எழுந்துபோனார். வாசலைத் தாண்டும்போது காற்று அடித்தது. திரும்பி வந்து வாங்கிக்கொண்டார். அடுத்தடுத்த மாதம் இன்னும் மூன்று கல் வாங்கினார், அவற்றுக்குக் காசு கொடுத்தார். ஆனால் கொள்கையை விடவில்லை, நாலு கல்லுக்கும் சிவப்புப் பெயிண்ட் அடித்துத்தான் இடுப்பில் கட்டினார்.

தொண்ணூற்றெட்டு ஆடியில் சங்கத்துக்கு வெள்ளி விழா. அந்த நாளுக்கென்று எடுத்த மல் வேட்டி மெல்லியதாக இருந்தது. கல் புடைத்துத் தெரிந்ததால் முனியப்பன் நாலு கல்லையும் அவிழ்த்து அலுவலக மேசைக்கடியில் வைத்துவிட்டு வந்தார். அன்று அவர் எடை எட்டுக் கிலோ. திண்டுக்கல்லில் ஆடிக் காற்று முழு எடை உள்ள ஆளையே சைக்கிளோடு தள்ளுகிற காற்று. நாற்பதடிக் கம்பத்தில் முனியப்பன் கயிற்றை இழுக்க, கொடி உச்சிக்குப் போய் அவிழ்ந்து பாய் மாதிரி விரிந்தது. கயிற்றை விடாமல் பிடித்திருந்த செயலாளரும் அதன் பின்னாலேயே மேலே போனார். கூட்டம் கைதட்டியது. நாதஸ்வரக்காரர் ஒரு சுற்றுக் கூடுதலாக வாசித்தார். கயிறு கப்பியில் உருவிக்கொண்டிருந்தது. கீழ்நுனியை யாராவது பிடித்தால்தான் ஆள் ஊரில் இருப்பார், இல்லாவிட்டால் கொடியும் அவரும் சேர்ந்து கரூர்ப் பக்கம் போய்விடுவார்கள் என்று தெரிந்ததும் செயற்குழு ஓடிவந்து கயிற்றைப் பிடித்தது. எல்லாரும் பதிலாள் வைத்தவர்கள், ஒருத்தருக்கும் காலில் பிடிமானம் இல்லை. வரிசையாகத் தரையை விட்டுக் கிளம்பினார்கள். ஏழு பேர் கயிற்றில் ஆளுயரத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பதிலாட்களுக்கு விழாவில் அழைப்பு இல்லை. மூட்டை அடுக்குப் பக்கம் நின்றிருந்த வீரன் அடி எடுத்து வைத்து வந்தான். சிமெண்டுத் தளம் அவன் காலடியில் விரிசல் விட்டது. நுனிக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். நூற்றுப் பதினெட்டுக் கிலோ. கயிறு விண்ணென்று நின்றது.

பேச்சாயி வெங்காயத் தோலை முந்தானையிலிருந்து உதறிவிட்டு வந்தாள். "புடிச்சுக்க. இழுக்காத," என்றாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க தோழரே, கேக்குதா?"

"கேக்குது. இறக்கச் சொல்லு தாயி."

"இறக்கிரலாம். ஏழாம் நம்பர இவரு பேருக்கு எழுதிக் குடுத்துருங்க."

"அது இன்னைக்கு ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் போகுது."

"அது கீழ வெல. மேல என்ன வெலன்னு நீங்களே சொல்லுங்க."

பேட்டையில் பேரம் என்றால் துண்டுக்கடியில் விரலைத் தொட்டுத்தான் பேசுவார்கள். ஊரறிய நாற்பதடிக்குக் கத்திப் பேசுவது மரியாதை இல்லை என்று சிலர் முகம் சுளித்தார்கள். தங்கமுத்து அண்ணாச்சி மட்டும் கல்லாப்பெட்டியை அணைத்தபடி வாசலில் நின்று ரசித்தார். "இந்தப் பொம்பளைக்கு ஒரு கடை வச்சுக் குடுத்தா நம்ம எல்லாரையும் வித்துட்டு, கமிஷனும் கேக்கும்," என்றார்.

"இது மிரட்டல்," என்றார் முனியப்பன் மேலிருந்து. "செயற்குழு கூடித்தான் முடிவெடுக்க முடியும்."

"கூட்டுங்க. அம்புட்டுப் பேரும் கயித்துலதான தொங்குறாக."

"பேச்சாயி, கை வலிக்குது," என்றான் வீரன்.

"அஞ்சு வருசமா உடம்பே வலிச்சுச்சு. செத்த நேரம் கையும் வலிக்கட்டும்."

காற்று இன்னொரு முறை அடித்தது. முனியப்பனின் செருப்பு ஒன்று கழன்று, கீழே வராமல் கிழக்கே போனது. செயற்குழு இருந்த இடத்திலேயே கூடி, ஆடிக்கொண்டே ஒருமனதாக ஒப்புக்கொண்டது. வீரன் கை மாற்றிக் கை மாற்றி இழுத்து எல்லாரையும் இறக்கினான். பேச்சாயி தீர்மானப் புத்தகத்தைத் தயாராக விரித்து வைத்திருந்தாள். முனியப்பன் கையெழுத்துப் போட்டதும், எடை ஒரே மூச்சில் திரும்பி வந்தது. எழுபத்து நாலு கிலோவை எப்படி நிற்கவைப்பது என்பது மறந்துபோய் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வீரன் ஒரு எட்டு வைக்கப்போய் மூன்று எட்டுத் தள்ளிப் போய் நின்றான். மறுநாள் தராசும் அதையே சொன்னது: எழுபத்து நாலு, ஐம்பத்திரண்டு. முனியப்பன் செயலாளராகவே இருந்தார். பதிலாள் முறையின் கொடுமையிலிருந்து ஒரு தோழரைச் சங்கம் போராடி மீட்டது என்று அடுத்த மாநாட்டில் பேசினார். பேசும்போது கண் கலங்கியது, அதில் பொய் இல்லை.

அதன் பிறகு ஐந்தரை வருஷம் வீரன் தன் மூட்டையைத் தானே சுமந்தார். வில்லை வந்த அன்றே பேட்டை அவரை வீரண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. ஐம்பத்திரண்டு கிலோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த ஐந்தரை வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சரியாக நடக்கிற காரியத்தைப் பேட்டையில் யாரும் குறித்து வைப்பதில்லை. எரியோட்டில் ஓட்டு வீடு தளம் போட்ட வீடாயிற்று. பேட்டைக்கு எலெக்ட்ரானிக் தராசு வந்தது, அது கிராம்வரை சொன்னது. வில்லையின் விலை நாலு லட்சத்தைத் தாண்டியது.

இரண்டாயிரத்து நாலு தையில் வீரனின் பழைய முட்டி வலி திரும்பியது. ஆயக்குடிக் கொய்யாத் தோப்பில் காவல் வேலை போய் பிழைப்புத் தேடிவந்த சுருளிவேல் ஐம்பத்தெட்டுக் கிலோ இருந்தான், முட்டி நன்றாக இருந்தது. ஏழாம் நம்பருக்கு அப்போது நாள் கூலி முன்னூறு. பேச்சாயி அவனுக்கு நூற்றிருபது என்று பேசினாள். முனியப்பன் வீரனுக்குக் கொடுத்த பங்கைவிட அது நூற்றுக்கு இரண்டரை கூட. வர்க்கப் போராட்டத்தால் கண்ட முன்னேற்றம் அது.

"இது நாயமா பேச்சாயி?" என்று வீரன் ஒருமுறை கேட்டார்.

"உனக்கு முட்டி வலிக்குதா, இல்லையா?"

"வலிக்குது."

"அப்பச் சும்மா உக்காரு."

அவர் உட்கார்ந்தார். கயிற்றுக் கட்டில் முனகக்கூட இல்லை.

இரண்டாயிரத்து ஐந்து ஆயுத பூஜையன்று தராசுக்குப் பொட்டு வைத்து, எல்லாரும் வரிசையாக ஏறி இறங்கினார்கள். எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகும் தூணில் சாக்பீஸால் எழுதுவது நிற்கவில்லை. வீரன் மேடையில் ஏறியபோது பேச்சாயி எண்ணைப் பார்க்கவில்லை. தூணடியில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த சுருளிவேலின் பெண்சாதி கருப்பம்மாள் பார்த்தாள், விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். பேச்சாயி நேராகத் தங்கமுத்து அண்ணாச்சியின் மண்டிக்குப் போனாள். வந்தவளை அவர் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

"சிவப்பா, கறுப்பா?" என்று கேட்டார்.

"துருப் புடிக்காததாக் குடுங்க அண்ணாச்சி. அடிக்கடி மாத்த முடியாது."

முதல் கல்லுக்கு அவர் காசு வாங்கவில்லை. தராசை விட்டு இறங்கிய வீரனின் இடுப்பில் பேச்சாயி அதைக் கட்டி, வேட்டியை மேலே இழுத்துவிட்டாள். கணக்குப்பிள்ளை போன வருஷத்து எண்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டு எழுதினார்:

ஏழாம் நம்பர். பேர் வீரன், 31. ஆள் சுருளிவேல், 79. கூட்டு 110. சேதாரம் இல்லை.